நாகலகம் எத்தனை அடி?

ரெண்டு நாள் விடாமல் மழை பெய்தால் கொழும்பை ஒட்டிய வெல்லம்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் ஆளுக்காள் கேட்டுக்கொள்வது இதைத்தான். களனி கங்கையில் நாகலகம் வீதி நீர்மானி 5 அடி காட்டினால் சிறுவெள்ளம், 7 அடி காட்டினால் பெருவெள்ளம். நாங்கள் 5 வரும்வரை இருப்பதில்லை, 4 என்றதுமே ஃபிரிட்ஜ் மேசைமேல் ஏறிவிடும். 2016 மே வெள்ளத்தின் கோடு மூன்று தரம் பெயின்ட் அடித்தும் சுவரில் தெரிகிறது.

போன கிழமை ஒரு கூட்டத்தில், பெருந்தரவு, அதாவது கைபேசியும் நீர்மானியும் செய்மதியும் குவிக்கும் தரவு, கொழும்பைக் காப்பாற்றும் என்று தம்பி ஒருவர் திரையில் படம் போட்டு விளக்கினார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றின் மேற்பக்கம் நோர்வூட்டிலும் கித்துல்கலையிலும் கொட்டுகிற மழை கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என்று இறங்கித்தான் எங்களிடம் வருகிறது. அந்த இடைவெளி மணிக்கணக்கில். சாமான் தூக்க, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட அது போதும். இங்கேயே இருக்கும் லேர்ன் ஏசியா ஆய்வாளர்கள், பெயர் அடையாளம் நீக்கிய கைபேசி அழைப்புப் பதிவுகளை வைத்து, பகலில் கொழும்புக்கு எங்கிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்று காட்டினார்கள். அதே கணக்கு, விடிய 2 மணிக்கு எங்கள் கொலன்னாவையில் எத்தனை பேர் நித்திரையில் இருப்பார்கள் என்பதையும் சொல்லும்.

எனக்குள்ள கோபம் வேறு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது என் ஃபோனுக்கு ஒரு வெள்ள வரைபடம் வந்தது. சிங்களத்தில். பக்கத்து வீட்டு மாமிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். நான் அதைப் படித்து, குரல் பதிவாகத் தமிழில் அனுப்பி, அவர் கேட்கிற நேரம் தண்ணி படியில் நின்றது. அந்தப் படமும் பிரிவைத்தான் காட்டியது, ஒழுங்கையை அல்ல. எங்கள் ஒழுங்கை அடுத்ததைவிட ஒன்றரை அடி பள்ளம். முனையிலுள்ள கானை லஞ்ச்ஷீட் அடைத்திருப்பது எந்தச் செய்மதிக்குத் தெரியும்? மாமிக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

காற்றும் இப்படித்தான். 2022 டிசம்பரில் வானம் சாம்பலாகி, 9ஆம் திகதி பள்ளிக்கூடம் மூடினார்கள். மகனுக்கு மூச்சு முட்டு. காலையில் எட்டிப் பார்த்தபோது எதிர்மாடி தெரியவில்லை, அன்றைக்கு அதுதான் என் மானி. வடக்கிலிருந்து மாசைக் கொண்டுவரும் காற்றை முன்கூட்டியே கணிக்கலாம். ஆனால் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் புகைக்குள் நான் இழுக்கும் மூச்சும் பத்தரமுல்லையில் மரத்தடியில் நிற்பவரின் மூச்சும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே மாசு அளவைச் சொல்லி என்ன செய்ய?

அந்தத் தம்பியிடம் வெளியில் பிடித்துக் கேட்டேன், “எங்கட ஒழுங்கைக்குத் தமிழில ஒரு வரி வருமா?” யோசித்தார். “தரவு இருக்கு அக்கா, அனுப்பத்தான் ஆளில்லை” என்றார்.

இப்போதைக்கு அந்த ஆள் நான். அடுத்த மழைக்கு மாமிக்குப் போகவேண்டியதை ஃபோனில் எழுதி வைத்திருக்கிறேன்: “ஹங்வெல்ல ஏறுது மாமி. இரவைக்குள்ள வரும். மருந்துப் பையை முதல்ல எடுங்க.”