செலவு எங்கே குறைகிறது?

விநியோகச் சங்கிலியை, அதாவது ஆலையிலிருந்து கடை வரை சரக்கு கைமாறும் வரிசையை, ஒருங்கிணைத்தால் செலவு குறையும் என்று உங்கள் கட்டுரை சொல்வது சரி. எங்கே குறைகிறது என்பதை இன்னும் விரித்திருக்கலாம். வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிளின் டயாப்பர் விற்பனை கடைகளில் சீராகத்தான் இருந்தது. விநியோகஸ்தர்களின் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியது. காரணம், ஒவ்வொருவரும் ஊகத்தில் கூட்டிக் கேட்பதுதான். உதாரணத்துக்கு, கடையில் 10 பெட்டி கூடுதலாக விற்றால் கடைக்காரர் 15 கேட்பார், மொத்த வியாபாரி 25 கேட்பார், ஆலை 40 தயாரித்துவிடும். அப்புறம் சரக்கு கிடங்கில் தேங்கும், போட்ட பணமும் அதிலேயே முடங்கும். அமெரிக்கக் கடைச் சங்கிலியான வால்மார்ட் தன் விற்பனைக் கணக்கை பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கு நேரடியாகத் திறந்துவிட்டது இந்த ஊகத்தைக் குறைக்கத்தான். இப்படிக் கணக்கைப் பகிர்வதற்கான மென்பொருளை யாரும் வாங்கிவிடலாம். ஆனால் கணக்கைச் சப்ளையரிடம் காட்ட முதலாளிகள் தயங்குகிறார்களே, அதைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.