பதினெட்டுப் பக்கம் கொப்பி எடுத்தால் திருட்டாம்

பல்கலைக்கழக நூலகம் ஒட்டிய நோட்டீஸில் என்ன இருந்தது என்று முழுசாகத் திரும்ப எழுதப்போவதில்லை. நேற்றிலிருந்து எல்லார் வாட்சப்பிலும் அதுதான் ஓடுகிறது. பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைப் போட்டோ கொப்பி எடுத்துச் சேர்த்த தொகுப்பு நூலகத்தில் இனிக் கிடையாதாம், மாணவர்கள் மூல நூலை வாங்கிப் படிக்க வேண்டுமாம். கீழே சிவப்பு மையில் பதிப்புரிமை மீறல் குற்றம் என்று வேறு.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் முதலில் சட்டத்தைத் திறந்து பார்க்கட்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11ஆம் பிரிவு. கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமாகப் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்கிறது. அதோடு விடவில்லை, வகுப்பறைக்குப் பல பிரதிகள் எடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு மாணவர் படிப்புக்காகக் கேட்டால் ஒரு கட்டுரையையோ நூலின் சிறு பகுதியையோ நூலகம் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க 12ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. பூட்டுப் போட்டது நீங்கள்.

நியாயமா இல்லையா என்று பார்க்க நாலு விஷயம் சொல்லியிருக்கிறார்கள். எதற்காக எடுக்கிறாய், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுக்கிறாய், அதனால் விற்பனைக்கு எவ்வளவு அடி. சரி, அந்தத் தொகுப்பில் இருந்தது 320 பக்கப் புத்தகத்தில் 18 பக்கம். விற்பனைக்கு என்ன அடி? எங்கள் பிள்ளைகள் அதை எப்படியும் வாங்கப் போவதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான். தோட்டச் சம்பளத்தில் ஒரு வெளிநாட்டுப் பாடநூலுக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று நோட்டீஸ் அடித்தவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

நான் முதல் வருடம் படிக்கும்போது நடந்தது. எண்பது பேருக்கு ஒரே புத்தகம், அதுவும் வெளியே கொண்டுபோக முடியாத உசாத்துணைப் பகுதியில். அந்த வாரம் கொப்பி மெஷின் பழுது. இரண்டு நாள் காத்திருந்து புத்தகம் கைக்கு வந்தது, திறந்தால் மூன்றாம் அத்தியாயத்தைக் காணோம். நடுத் தையலுக்குப் பக்கத்தில் பிளேடால் இழுத்த கோடு, ஒரு நூல் அளவு ஓரம் மட்டும் மிச்சம். அறுத்தவனை அன்றைக்கு நன்றாகத் திட்டினேன். இன்றைக்கு யோசித்தால், கொப்பி எடுக்க வழியில்லாத நூலகத்தில் பிளேடுதான் வேலை செய்யும். இந்த நோட்டீஸ் பாதுகாக்கப் போகிற புத்தகங்களை இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். பிறகு ஒரு சீனியரிடம் அந்த அத்தியாயத்தின் பழைய கொப்பி இருப்பது தெரிந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கையால் எழுதினேன். அந்தத் தாள்கள் இன்னும் எங்கள் வீட்டுக் காம்பிராவில், மழை ஒழுகாத மூலையில், உரப்பைக்குள் இருக்கின்றன.

இப்போது வருவார்கள். "எழுதினவன் வயிற்றில் அடிக்கலாமா?" நானும் ஒரு சின்னக் கவிதைத் தொகுப்புப் போட்டவன்தான். 300 பிரதி. அதை யாரோ முழுசாகக் கொப்பி அடித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது வலித்தது, மறைக்கவில்லை. முழுப் புத்தகத்தையும் கொப்பி அடிப்பதைச் சட்டமும் விடவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்பது 18 பக்கம்.

"இதெல்லாம் பேசச் சுகம், பதிப்பகம் வழக்குப் போட்டால் நூலகர்தானே மாட்டுவார்?" போட்டுப் பார்த்தார்கள். 2012இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அன்ட் பிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து டெல்லிப் பல்கலைக்கழகத்தையும் அங்கிருந்த ஒரு கொப்பிக் கடையையும் கோர்ட்டுக்கு இழுத்தன. இதே பாடத் தொகுப்புத்தான் பிரச்சினை. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியது. மேன்முறையீட்டுக்கும் போனார்கள்; பாடத்துக்குக் கொப்பி எடுக்கலாம் என்பதை அங்கேயும் ஏற்று, எடுத்த பக்கங்கள் பாடத்துக்குத் தேவைதானா என்பதை மட்டும் திரும்ப விசாரிக்கச் சொன்னார்கள். அந்த விசாரணை முடிவதற்குள் 2017இல் பதிப்பகங்களே வழக்கை விட்டுவிட்டுப் போயின. அது இந்தியச் சட்டம், இது இலங்கை என்பீர்கள். தெரியும் ஐயா. நம் சட்டத்தில் வகுப்பறைப் பிரதி என்று வாய்விட்டே எழுதியிருக்கிறதே, அதைத்தானே மேலே சொன்னேன்! (நோட்டீஸ் அடித்த கம்ப்யூட்டரில் இருக்கும் சொப்ட்வேருக்கெல்லாம் லைசன்ஸ் இருக்கிறதா என்று நான் கேட்கவே மாட்டேன்.)

உண்மையில் எனக்குச் சுட்டது வேறு. அந்த 18 பக்கம் யாரைப் பற்றியது தெரியுமா? எங்களைப் பற்றியது. மலையகத் தோட்டத்துப் பெண்களின் வாய்மொழிக் கதைகள். அப்படித்தான் எங்கள் அப்பாயியிடமும் ஒருவர் வந்தார். இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில் உட்கார்ந்து, சாயத்தண்ணி குடித்து, மூன்று நாள் ரெக்கோர்டரை நீட்டிப் பாட்டும் கதையும் வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷன், குறை சொல்லவில்லை. ஆனால் அப்பாயியிடம் யாரும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கவில்லை. அப்போது அது ஆராய்ச்சி. அவள் பேத்தி அதைக் கொப்பி எடுத்தால் குற்றம். எங்கள் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானார். ஆசிரியர் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும் என்ற கணக்கில் அவர் எழுத்துக்கு 2054 வரை பதிப்புரிமை இருக்கிறது. இருக்கட்டும், நல்லது. ஹட்டனில் எந்தக் கடையிலாவது அவர் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வையையும் பாருங்கள். கடையிலும் இல்லை, கொப்பியும் கூடாது என்றால் எங்கள் கதையை நாங்கள் எதில்தான் படிப்பது?

"உணர்ச்சிவசப்படாதீர்கள் சேர்" என்று ஒருவர் கமெண்ட் போடுவார். நூற்றாண்டுக் கணக்கில் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறோம் தம்பி.

நேற்று ராத்திரி என் பழைய மாணவி ஒருத்தி மெசேஜ் போட்டிருந்தாள். அடுத்த வாரம் டியூட்டோரியல், அந்தக் கட்டுரை உங்களிடம் இருக்கிறதா சேர் என்று. இருந்தது. விடிந்ததும் போட்டோ கொப்பிக் கடையைத் திறக்கவைத்து, 18 பக்கத்தையும் கவரில் போட்டு, முதல் கண்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.