அந்த 1968 தபால்தலையில் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் படம் கிடையாது

மேலே ஒருவர், "1968லேயே பசுமைப் புரட்சி என்று சுவாமிநாதன் முகத்தோடு தபால்தலை வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. அந்த 20 பைசா தபால்தலையில் இருப்பது கோதுமைக் கதிரும் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவன நூலகக் கட்டடமும்தான். எழுத்தும் 'கோதுமைப் புரட்சி' என்ற பொருளில்தான். பசுமை என்ற சொல்லே அதில் கிடையாது. உயிரோடு இருப்பவருக்குத் தபால்தலை என்பது நம் நாட்டில் அபூர்வம், சச்சினுக்கு 2013இல் வந்தது மாதிரி.

சுவாமிநாதன் சென்னையில் காலமானது 2023இல். அவருடைய தபால்தலை, அவரது பிறந்த நூற்றாண்டையொட்டி 2025 ஆகஸ்ட் 7 அன்று, 100 ரூபாய் நினைவு நாணயத்தோடு டெல்லியில் வெளியானது. அப்புறம், சென்னை தரமணியில் வெளியிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னதும் தவறு; அங்கே இருப்பது அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம். சந்தேகம் இருந்தால் அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தின் தபால்தலைப் பிரிவில் கேளுங்கள்.