மண்சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் வேறு

அமெரிக்காவில் விவசாயிகள் அரசுப் பணத்தில் கொழிக்கிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறது. எல்லாரும் அப்படி இல்லை. பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

2018இல் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டதும் விலை சரிந்தது. வாஷிங்டன் இழப்பீடு அறிவித்தது. அந்த ஆண்டு சோயாவுக்கு ஒரு புஷலுக்கு (தானியம் அளக்கும் அமெரிக்க அளவு) 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு வெறும் 1 சென்ட்! மக்காச்சோளம் விதைத்தவர்கள் கொதித்ததில் என்ன தப்பு?

சரி, அடுத்த ஆண்டு திருத்துகிறோம் என்று கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒரு தொகை வைத்தார்கள். ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை. மத்திய மேற்கில் பல இடங்களில் கவுண்டி எல்லை என்பது ஒரு மண்சாலைதான். இந்தப் பக்கமும் சோயா, அந்தப் பக்கமும் சோயா, மண்ணும் மழையும் ஒன்று. ஆனால் தொகை வேறு. கவுண்டியில் மொத்தமாக என்ன விளைகிறது என்பதுதான் கணக்கு, உங்கள் வயலில் என்ன நிற்கிறது என்பது இல்லை.

வழக்கமான மானியமும் பெரும்பாலும் பழைய சாகுபடிப் பதிவில் உள்ள ஏக்கரை வைத்துத்தான். ஏக்கர் அதிகம் உள்ளவருக்கே அதிகம். புதிதாகக் குத்தகைக்கு எடுக்கும் இளைஞருக்கோ அந்த மானியத்தால் நிலத்தின் குத்தகைத் தொகைதான் ஏறுகிறது. கட்டுரையாளர் அவர்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டும்.