அடுப்பு பொது, கழுவுவது யாராம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பொதுக் கரி அடுப்பு. சனிக்கிழமை ராத்திரி அதற்கு அடிபிடி. ஞாயிறு காலையில் நாதியில்லை. கம்பி வலையில் கோழித்தோல் ஒட்டிக் கருகியிருக்கும். சாத்தே இறைச்சி சுட்ட குச்சிகள் சாம்பலில் குத்தி நிற்கும். சிந்திய மசாலாவில் எறும்பு ஊர்வலம். சூட்டோடு நாலு தேய்ப்புத் தேய்த்தால் போய்விடும். அதற்குக் கை வலிக்குமாம்!

அப்புறம் சில மகா புத்திசாலிகள். கோலா செபெத்தாங் பக்கத்துக் கண்டல்மரக் கரி லேசில் அணையுமா? மேலே சாம்பல் பூத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அதை அப்படியே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு பக்கம் உருகி வழிந்து, இப்போது அது தொட்டியா, தட்டா?

கேட்டால், "பொது அடுப்புதானே அண்ணே!" சரி, கழுவ யார் வருவார்? தோட்டத்துத் துரையா?