கடலைப் படம் போட்டுச் சிரித்தவர்களுக்கு

நேற்று நண்பர் போட்ட அமெரிக்க அதிபர்கள் தரவரிசையையும் அதன்கீழ் நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். 1977 முதல் 1981 வரை அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டருக்குக் கடைசி இடம், பக்கத்தில் ஒரு நிலக்கடலைப் படம், அவர் கடலை விவசாயி என்று கிண்டல். எதை வைத்து அளந்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அண்ணே, நாலே வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அது போதாதா?" என்று பதில், கூடவே நாலு சிரிப்புப் பொம்மை.

போதாது தம்பி. தேர்தலில் தோற்றது வேறு, வேலையில் தோற்றது வேறு. 1980-ல் எதிர்த்து நின்ற ரீகனுக்கு அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகள் 489, கார்ட்டருக்கு 49. எனக்கும் எண்ணத் தெரியும்.

ஏன் தோற்றார்? விலைவாசி. அந்த வருஷம் பணவீக்கம் 13 சதவீதத்துக்கு மேல், அதற்கு முந்தைய கோடையில் பெட்ரோல் பங்குகளில் கார் வரிசை. விலைவாசியை அடக்கப் பால் வோல்க்கர் வட்டியை ஏற்றித் தொலைப்பார் என்று தெரிந்தும் 1979-ல் அவரை மத்திய வங்கித் தலைவராக்கியது கார்ட்டர்தான். வட்டி 20 சதவீதம்வரை போனது, தேர்தல் வருஷத்தில்! 1983-ல் பணவீக்கம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபோது நாற்காலியில் ரீகன். பேரும் அவருக்கு. (வோல்க்கரை ரீகனும் மாற்றவில்லை. சரி, அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுகிறேன்.)

பதவிக்கு வந்த இரண்டாவது வாரமே கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் உட்கார்ந்து, வீட்டுச் சூட்டைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று கேட்டவர் அவர். வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரியத் தகடுகள் வைத்தார். 1986-ல் கழற்றிவிட்டார்கள். சிக்கனம் சொல்பவனை யாருக்குப் பிடிக்கும்?

எங்கள் அப்பாவையும் யாருக்கும் பிடிக்கவில்லை. குடியிருப்பில் செயலாளராக இருந்தார், ஆழ்துளைக் கிணறு வற்றிய வருஷம். புதிதாகப் போட வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல், கார் கழுவக் குழாய் போடாதீர்கள் என்று நீல மையில் தானே எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். மறுநாள் பார்த்தால் அதே தாளில் யாரோ மீசை வரைந்து "வாத்தியார்" என்று எழுதியிருந்தார்கள். பதினோரு மாதத்தில் மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் காலத்தில் தண்ணீர் வந்தது, பொங்கலுக்கு அவருக்குச் சால்வை போட்டார்கள். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

ஈரானை மறந்துவிட்டாயா என்பீர்கள். மறக்கவில்லை. அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் பிடித்து வைத்த 52 பேர், 444 நாள். மீட்கப்போன இடத்தில் எட்டு வீரர்கள் செத்தார்கள், உத்தரவு போட்டவர் அவர்தான், மறுநாளே தொலைக்காட்சியில் பொறுப்பு தன்னுடையது என்றார். ஈரான் மன்னர் ஷாவைத் தலையில் தூக்கி வைத்ததும் தப்புதான். ஆனால் ரீகன் பதவியேற்ற சில நிமிஷத்தில் பிணைக்கைதிகளை ஈரான் விட்டதே, அதற்கு முந்தைய ராத்திரிவரை தூங்காமல் பேச்சுவார்த்தை நடத்தியது யார்? அதையும் ரீகன் கணக்கிலா எழுதுவீர்கள்?

1978-ல் அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிட்டில் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் 13 நாள் வைத்துப் பேசி, மறுவருஷம் கையெழுத்து வாங்கின சமாதான ஒப்பந்தம் இன்றைக்கும் நிற்கிறது. இதைச் சொன்னால் "அதிபரா இல்லாம போனப்புறம்தான் நல்ல மனுஷன்" என்கிறீர்கள். பாராட்டு மாதிரி இருக்கும், உள்ளே ஊசி.

நான் கார்ட்டரின் ஜனநாயகக் கட்சிக்குக் கொடி பிடிக்கவில்லை. அமெரிக்கா உனக்கு என்ன கொடுத்தது என்று கேட்டவருக்கு: ஒன்றும் கொடுக்கவில்லை ஐயா, விசா கூட.

போன வாரம் அந்தக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். அப்பா திட்டம் போட்ட அதே கிணறுதான் ஓடுகிறது. கல்வெட்டில் அந்தச் சால்வைக்காரர் பேர்.

தரவரிசையை மாற்றச் சொல்லவில்லை, கடைசி இடத்திலேயே இருக்கட்டும். அந்தக் கடலைப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.