விழித்தது எது, தொலைந்தது எது?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றி ஒருவர் பேசிய அந்தக் காணொளி இன்றும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "புராஸ்டேட் வீங்கிவிட்டதா? கருவில் தூங்கிய புற்று மரபணு விழித்துவிட்டது." இதைக் கேட்டு எத்தனை பேர் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார்களோ! பொறுக்கவில்லை.

காணொளியில் பேசியவர் பழி போட்ட என்கேஎக்ஸ்3.1, புராஸ்டேட்டைக் கட்டும் மரபணு. கருவுக்குப் பத்து வாரம் ஆகும்போது, சிறுநீர்ப்பைக்குக் கீழே எபிதீலியத்திலிருந்து (உட்பக்கத்தைப் போர்த்தும் செல் அடுக்கு) மொட்டுகள் கிளம்பும். கிளம்பச் சொல்வது சுற்றியுள்ள இணைப்புத் திசு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அங்கே டிஹெச்டி என்ற வலுவான வடிவமாக மாறி, அதை வாங்கிக்கொள்ளும் புரதமான ஏற்பியில் ஒட்டுகிறது. அங்கிருந்து எஃப்ஜிஎஃப்10 போன்ற வளர்ச்சிச் சமிக்ஞைகள் எபிதீலியத்துக்குப் போகின்றன. ஆய்வாளர் ஜெரால்ட் குன்ஹா எலித் திசுக்களை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார். ஏற்பி இணைப்புத் திசுவில் மட்டும் இருந்தாலும் புராஸ்டேட் வந்தது. எபிதீலியத்தில் மட்டும் இருந்தபோது வரவில்லை.

வளர்ந்த பிறகும் என்கேஎக்ஸ்3.1 சுரப்பி செல்களின் அடையாளத்தைக் காக்கிறது. எட்டாம் குரோமோசோமின் குட்டைக் கையில் உள்ள இதன் ஒரு பிரதி, புராஸ்டேட் புற்றில் அடிக்கடி காணாமல் போகிறது. காணாமல் போகிறது ஐயா, விழிக்கவில்லை! அதுவும் தனியாகப் போதாது: எலியில் இதை நீக்கினால் செல்கள் பெருகும், புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் வரும், ஊடுருவும் புற்று வராது. புற்றைத் தடுக்கும் இன்னொரு மரபணுவான பிடென்னும் சேர்ந்து போனால்தான் நிலைமை மோசமாகிறது.

விழிப்பு என்ற கருத்து வீக்கத்துக்கு உரியது. கருவின் மொட்டுவிடும் திறன் முதிய வயதில் மீண்டும் எழுகிறது என்று 1978-இல் நோய்க்குறியியல் ஆய்வாளர் ஜான் மெக்னீல் முன்வைத்தார். வீக்கம் சிறுநீர்க் குழாயைச் சுற்றிய இடைநிலைப் பகுதியில் வருகிறது. புற்றில் சுமார் 70 சதவீதம் வெளிப்பகுதியில். இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் என் கோபம்.

"ஹாக்ஸ்பி13 என்ற மரபணு மறந்துவிட்டதா?" என்பீர்கள். மறக்கவில்லை. 2012-இல் வெளியான அதன் ஜி84இ மாற்றம் புற்று அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. ஆனால் அது பிறவியிலேயே வருவது, பெரும்பாலும் வட ஐரோப்பிய வம்சாவளியில். வீக்கம் அதற்கு அடையாளமே இல்லை. சாக்ஸ்9 போன்ற கருக்கால மரபணுக்கள் சில புற்றுகளில் ஓங்குவதும் உண்மை. அதனால் வீங்கியவருக்கெல்லாம் புற்று என்று ஆகிவிடுமா?

பரிசோதனை வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதமான பிஎஸ்ஏ வீக்கத்திலும் ஏறும், புற்றிலும் ஏறும். வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைட் சாப்பிடுபவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் அந்த எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் அறிக்கையை மட்டும் மருத்துவரிடம் நீட்டினால், உண்மையிலேயே புற்று இருப்பவருக்குக்கூட அந்த எண் குறைவாகத் தெரியும். அந்தக் காணொளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.